முழங்காலில் மொன்றியல்

கனடாவில் லோங் வீக்கெண்ட் ஓய்வெடுப்பதற்காக விடப்படுகிறது என்று நினைக்கிறவர் இந்த நாட்டுக்கு நேற்றுத்தான் வந்திறங்கியிருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை வேலைத்தலத்தில் கேட்கப்போகிற ஒரு கேள்விக்குப் பதில் தயாரிக்க அரசாங்கம் தருகிற தவணை அது. எந்தப் பாசைக்காரன் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான்: எங்கே போனாய்? ஒருவர் கொட்டேஜுக்குப் போயிருப்பார். இன்னொருவர் மீன் பிடிக்கப் போய், மீனைத் தவிர மற்றதெல்லாம் பிடித்துக்கொண்டு வந்திருப்பார். என் முறை வரும்போது, "வீட்டில் நின்று புல்லு வெட்டினேன்" என்பேன். "அதுவும் தேவைதானே" என்பார்கள். அந்தக் குரலில் செத்த வீட்டில்கூட எனக்கு ஆரும் ஆறுதல் சொன்னதில்லை.

இந்த அவமானத்தை என் மனுசி நெடுநாளாகக் கவனித்து வந்திருக்கிறாள். மே மாதத்து விக்டோரியா டே லோங் வீக்கெண்டுக்கு முந்தின வியாழன் இரவு, குசினியில் சட்டி கழுவிக்கொண்டு நின்றவள், குழாயைப் பூட்டிவிட்டு, "நாளைக்கு மொன்றியலுக்குப் போறம்" என்றாள். எங்கள் வீட்டில் ஒரு சோபா வாங்குவதென்றால் ஒரு வருடம் ஆராய்ச்சி நடக்கும். ரொறன்ரோவில் உள்ள கடையெல்லாம் ஏறி இறங்கி, இருந்து பார்த்து, படுத்துப் பார்த்து, கடைசியில் பழைய சோபாவிலேயே வந்து களைத்து விழுவோம். பயணத்துக்கு மட்டும் ஒரு வசனம் போதும்.

நான் ஆட்சேபனைகளை முறைப்படி பதிவு செய்தேன். இந்த நேரத்தில் ஹோட்டல் கிடைக்காது. கிடைத்தாலும் விலை கேட்டு நெஞ்சு வலிக்கும். ரோட்டு முழுக்கச் சனம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுக்கென்னப்பா, உங்களுக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே" என்றாள். நான் சொன்னதற்கும் அவள் சொன்னதற்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்து முடிப்பதற்குள் மகள் மேல்மாடியிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டாள்.

என் பிரெஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்ராறியோவில் 4ஆம் வகுப்பிலிருந்து பிள்ளைகள் பிரெஞ்சு படித்தே ஆக வேண்டும். அதனால் இந்த மாகாணத்துப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சில் பரீட்சை எழுதத் தெரியும், வாய் திறக்கத்தான் தெரியாது. என் மகளும் அந்த வகை. தகப்பன் ஒரு முன்மாதிரியாக இருக்க வேண்டாமா? போன பனிக்காலம் கைபேசியில் ஒரு செயலியை இறக்கி, மாதக் கட்டணமும் கட்டி, பஸ்ஸில் இருந்து உச்சரிப்புப் பழகினேன். பக்கத்து இருக்கைகள் மெல்ல மெல்லக் காலியாகின. பனி கரைகிற காலத்தில், 'குதிரை ஆப்பிள் தின்கிறது', 'என் மாமாவின் தொப்பி மேசையில் இருக்கிறது' ஆகிய இரண்டையும் நடு இரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய நிலையில் இருந்தேன். இதைத்தான் மனுசி தன் சிநேகிதிகளிடம், "இவர் நல்லாப் பிரெஞ்சு கதைப்பார்" என்று பரப்பி வைத்திருந்தாள்.

உண்மையில் எனக்கும் உள்ளூர ஒரு ஆசை இருந்தது. முன்பின் தெரியாத ஒரு நகரத்தில், முன்பின் தெரியாத மனிதனாக, கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்து திரிய வேண்டும். இந்த நாட்டுக்கு அந்நியர்களாகத்தான் வந்தோம். அந்த அந்நியம் போவதற்காக எத்தனையோ வருடம் பாடுபட்டோம். போனபிறகு பார்த்தால், ரொறன்ரோவில் தக்காளி வாங்கப் போனாலும் நாலு பேர் மறித்து, "மெலிஞ்சு போனியள்" என்கிறார்கள். ஒரு லோங் வீக்கெண்டுக்கு மட்டும் அந்நியனாக இருந்துவிட்டு வருகிறேன் என்று கேட்பது பெரிய பேராசையா?

அதற்கு ஒரு தடை இருந்தது. மொன்றியலில் மனுசியின் சித்தியின் மகன் இருக்கிறார். அவருக்குச் சொன்னால் வெள்ளி இரவுச் சாப்பாடு அவர் வீட்டில். சனி மத்தியானம் அவருடைய மனைவியின் அண்ணன் வீட்டில். சனி இரவு, அந்த அண்ணனின் சம்பந்தி வீட்டில். மொன்றியலை அவரவர் குசினி யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஆகவே ஆருக்கும் சொல்வதில்லை என்று வீட்டுக்குள் தீர்மானம் நிறைவேறியது. மாமியிடம் சத்தியமே வாங்கினோம். தன் தங்கச்சியின் பிள்ளைக்கு ஒளித்து ஒரு ஊருக்குப் போவதில் மாமிக்கு மனமில்லை. ஆனால் சூசையப்பர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்றதும் மனச்சாட்சி கொஞ்சம் தளர்ந்தது.

ரொறன்ரோவிலிருந்து மொன்றியல் ஏறக்குறைய 540 கிலோமீற்றர். 401ஆம் நெடுஞ்சாலையில் ஏறினால் திரும்பத் தேவையில்லை. தூங்கினாலும் மொன்றியல்தான் வரும் என்பார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தப் பாதையில் காரை விட்டவனுக்குத்தான் தெரியும், தூங்கி எழும்பினாலும் ஸ்காபரோ வருவது. கோல்போர்ன் என்ற இடத்தில் ரோட்டோரத்தில் 35 அடி உயரத்தில் ஒரு ஆப்பிள் கட்டி வைத்திருக்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியத் தொடங்கியபோது மாமி ரோல்ஸ் பெட்டியைத் திறந்தார். அதைக் கடக்கும்போது ரோல்ஸ் முடிந்து, புட்டும் கட்டாச் சம்பலும் நடந்துகொண்டிருந்தன. குதிரை ஆப்பிள் தின்கிறது என்று பிரெஞ்சில் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் அமையாது. சொன்னேன். ஆரும் கேட்கவில்லை.

மாமி யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தார். எண்பதுகளில் வந்த எத்தனையோ பேருக்குப் போல அவருக்கும் கனடா மொன்றியலில்தான் தொடங்கியது. மிராபெல் விமான நிலையத்தில் இறங்கி, கோட்-டே-நேஜ் பகுதியில் சில பனிக்காலம் இருந்துவிட்டுத்தான் ரொறன்ரோவுக்கு வந்தவர். 1975இல் பெரிய எடுப்பில் திறந்த மிராபெலில் 2004இல் பயணிகள் விமானங்களை நிறுத்தி, பிறகு கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். "நான் வந்து இறங்கின பிறகு அவங்களுக்கு அந்த இடம் சரிவரேலை" என்றார் மாமி, கொஞ்சம் பெருமையோடு.

ஹோட்டல் கிடைக்கவில்லை. பிளாட்டோ பகுதியில் ஒரு வீட்டின் மேல்தட்டுத்தான் மிஞ்சியிருந்தது. விளம்பரத்தில், 'மொன்றியலுக்கே உரிய அழகிய வளைவுப் படிக்கட்டு' என்று போட்டிருந்தது. அந்தப் பகுதி வீடுகளுக்கு மாடிப்படி வீட்டுக்கு வெளியே, தெருவைப் பார்த்தபடி, இரும்பில் முறுக்கி முறுக்கி ஏறும். உள்ளே இடம் மிச்சம், சூடாக்கும் செலவும் மிச்சம் என்று ஒரு நூற்றாண்டுக்கு முன் கட்டினார்களாம். படமெடுக்க வடிவுதான். ஆனால் படமெடுக்கிறவர் நடு இரவில் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் ரைஸ் குக்கருமாக அதில் ஏறிப் பார்த்திருக்க மாட்டார். முதல் வளைவில் பெட்டி திரும்பியது, நான் திரும்பவில்லை. இரண்டாவதில் நான் திரும்பினேன், குக்கரின் மூடி திரும்பாமல் நேராகக் கீழே போனது. அந்தத் தெருவில் விளக்கு எரியாமல் இருந்த வீடுகளிலும் அதோடு எரிந்தது. முழங்கால் வருத்தக்காரியான மாமி எனக்கு முதலே மேலே போய் நின்று, "பாத்து வாங்கோ தம்பி" என்றார்.

பிறகு காரை நிறுத்துகிற விசயம். மொன்றியலில் வாகனம் நிறுத்தும் பலகை ஒன்றாக நிற்காது. ஒரே கம்பத்தில் மேலிருந்து கீழாகக் குடும்பமாக நிற்கும். ஒன்று, ஏப்ரல் 1 முதல் டிசம்பர் 1 வரை இன்ன கிழமை இன்ன நேரம் தெருக்கூட்டுகிற வண்டி வரும் என்கிறது. அடுத்தது, அந்தப் பகுதி ஆட்களின் அனுமதி ஒட்டியைப் பற்றிப் பேசுகிறது. மற்றொன்றில் வெறும் அம்புக்குறி. அது முந்தின பலகைக்குச் சொந்தமா, பிந்தின பலகைக்கா என்று கம்பத்தைத்தான் கேட்க வேண்டும். மாமியின் மூக்குக்கண்ணாடியை வாங்கி, கைபேசி வெளிச்சத்தில், குடும்பமே கம்பத்தைச் சுற்றி நின்று ஆராய்ந்தோம். நான் தீர்ப்புச் சொன்னேன்: "விடலாம்." சனி காலை கார்க் கண்ணாடியில் ஒரு துண்டு குத்தியிருந்தது. மனுசி எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் கையில் தந்தாள். பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஓட்டுவதில் இன்னொரு மர்மம். ஒன்ராறியோவில் சிவப்பு விளக்கில் நின்று பார்த்து வலது பக்கம் திரும்பலாம். திரும்பாவிட்டால் பின்னால் நிற்கிறவன் ஹோர்ன் அடிப்பான். மொன்றியல் தீவில் திரும்பக்கூடாது. திரும்பினால் நாலு பக்கமும் அடிப்பார்கள். அடித்தார்கள். சரியென்று அடுத்த சந்தியில் அசையாமல் நின்றேன். நேராகப் போகச் சொல்லி ஒரு பச்சை அம்பு வந்தது. பாதசாரிகள் கடக்கட்டும் என்று முதலில் அதைப் போடுவார்கள், அப்போதும் திரும்பக்கூடாது. பிறகு முழுப் பச்சை வந்தது. இதிலும் ஏதாவது சூழ்ச்சி இருக்கும் என்று நான் நின்றேன். அதற்கும் அடித்தார்கள். "அப்பா, மெத்ரோவிலை போவமே" என்றாள் மகள், இருக்கைக்குக் கீழே குனிந்தபடி. மொன்றியல் மெத்ரோ 1966இல் தொடங்கியது. வண்டிகள் ரப்பர்ச் சில்லில் ஓடுகின்றன. அதை நான் கையேட்டில் படித்துச் சொல்ல வாயெடுக்கும்போது, "இதுக்கு ரப்பர்ச் சில்லு" என்று மாமி சொல்லிவிட்டார். அப்போதே நான் உசாராகியிருக்க வேண்டும்.

ஒரு பேக்கரியில்தான் என் பிரெஞ்சு அரங்கேறியது. வரிசையில் நின்றபடி வசனத்தை மனதுக்குள் உருட்டி, முறை வந்ததும் "போன்ஜூர்" என்று தொடங்கி, நாலு கோப்பிக்கும் குரோசானுக்கும் பிழையில்லாமல் கேட்டேன். அந்தப் பெண்பிள்ளை வலு அன்பாகச் சிரித்துவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னது. நான் விடவில்லை, பிரெஞ்சில் தொடர்ந்தேன். அதுவும் விடவில்லை, ஆங்கிலத்தில் தொடர்ந்தது. ஒரு பிரெஞ்சுக்காரி ஆங்கிலத்தைக் காப்பாற்ற, ஒரு யாழ்ப்பாணத்தான் பிரெஞ்சுக்காகப் போராடினான். பின்னால் வரிசை நீண்டது. "பாலா, கிறீமா?" என்று கேட்ட இடத்தில் எனக்குச் சொல் முடிந்தது. மாமாவின் தொப்பி மட்டும் கையில் இருந்தது. சரணடைந்தேன்.

அங்கே கடைக்காரர்கள் "போன்ஜூர்-ஹாய்" என்று இரண்டு மொழியையும் கோத்து வரவேற்பது வழக்கம். அது பிரெஞ்சுக்குக் கேடு, "போன்ஜூர்" மட்டும் போதும் என்று 2017இல் கியூபெக் சட்டமன்றமே ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. சட்டமன்றம் சொல்லியும் எனக்கு அந்தப் "போன்ஜூர்" கிடைக்கவில்லை. என் வாயசைவைப் பார்த்ததுமே எல்லாக் கடையிலும் "ஹாய்" மட்டும்தான்.

அப்போது பின்னால், சேலைக்கு மேல் குளிர்ச் சட்டையும் கழுத்தில் கம்பளிச் சால்வையுமாக நின்ற மாமி, என்னை மெதுவாக விலக்கிவிட்டு முன்னால் வந்தார். வாயைத் திறந்தார். வந்தது பிரெஞ்சு. பால் சூடாக வேண்டும், சீனி வேண்டாம், வெறும் கோப்பை ஒன்று தாருங்கள், ஆற்றிக் குடிக்க. இவ்வளவையும் சொன்னார் என்று கோப்பை வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அந்தப் பெண்பிள்ளையின் முகம் மலர்ந்தது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் பேசவில்லை. இருவரும் பிரெஞ்சில் கதைத்தார்கள், சிரித்தார்கள், ஒருமுறை என்னைப் பார்த்தும் சிரித்தார்கள்.

"மாமி, உங்களுக்கு எப்பிடி?" என்றேன்.

"கோஃபியிலை படிச்சனான்."

அந்தக் காலத்தில் குடிவரவாளருக்குப் பிரெஞ்சு படிப்பிக்கக் கியூபெக் அரசு நடத்திய பள்ளிகள்தான் கோஃபி. 1960களின் முடிவிலிருந்து 2000 வரை இருந்தன. வந்து படித்தால் உதவிப் பணமும் கொடுத்திருக்கிறார்கள்.

"இத்தனை வருசமாச் சொல்லேலையே?"

"ரொறன்ரோவிலை ஆரோடை கதைக்கிறது? காசு தந்து படிப்பிச்சதை மறக்கலாமே தம்பி?"

நான் காசு கட்டிப் படித்தவன். ஆகவே ஒன்றும் பேசவில்லை.

அதன்பிறகு குடும்பத் தலைமை மாமியிடம் போனது. மாமி முன்னால் நடக்க, மனுசியும் மகளும் இரு பக்கமும் வர, நான் பையோடு பின்னால் போனேன். மைல் எண்ட் பகுதியில் பேகல் சுடுகிற இடத்தில் நின்று விசாரித்து, மாவு வளையத்தைத் தேன் கலந்த தண்ணீரில் அவித்து, விறகடுப்பில் சுடுகிறார்கள் என்று எங்களுக்கு மொழிபெயர்த்தார். விறகடுப்பு என்றபடியால் பேகல் சித்தியடைந்தது. பூட்டீன் சித்தியடையவில்லை. பொரித்த உருளைக்கிழங்கின் மேல் பாற்கட்டித் துண்டுகளைப் போட்டு, அதன் மேல் சுடச்சுடக் குழம்பை ஊற்றித் தருகிற சாப்பாடு. 1950களில் கியூபெக் கிராமத்துச் சாப்பாட்டுக் கடைகளில் பிறந்து இன்று நாடெங்கும் போய்விட்டது. மாமி ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தார். "நனைக்கிறதெண்டால் ஏன் பொரிச்சவங்கள்?" என்றார். மொன்றியலில் அதற்குப் பதில் சொல்ல ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை சூசையப்பர் கோயில். மொன்றியலுக்குப் போகிற எங்கள் ஆட்கள், சைவமோ வேதமோ, அங்கே போகாமல் திரும்புவதில்லை. ஒரு கல்லூரியில் பல்லாண்டு வாசல் காத்த அந்திரே என்ற துறவி 1904இல் மலைச்சரிவில் கட்டுவித்த சின்ன ஆலயம், இன்று நகரத்தின் பாதியிலிருந்து தெரிகிற பேராலயமாக நிற்கிறது. 2010இல் அவரைப் புனிதராக்கினார்கள். சுகமான நோயாளிகள் விட்டுப்போன ஊன்றுகோல்கள் உள்ளே சுவர் நிறையத் தொங்குகின்றன. அவருடைய இதயத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். 1973இல் அதை ஆரோ களவெடுத்துப்போய், அடுத்த வருடம் திரும்பக் கிடைத்தது. "திருப்பித் தராமல் என்ன செய்வாங்கள், அவர் வாசல் காத்த மனுசன்" என்றார் மாமி.

கோயிலுக்கு ஏற 283 படி. இரு பக்கமும் சனம் நெரிந்து ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் மரப்படிகள், 99. அதில் கூட்டமே இல்லை. இவ்வளவு நல்ல படி இருக்கும்போது ஏன் இந்தச் சனம் ஓரத்தில் நெரிபடுகிறது என்று வியந்தபடி, கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடுவால் ஏறினேன். நான் ஆசைப்பட்ட நடை. பாதி தூரத்தில் ஒரு கிழவி முழங்காலில் நின்று என்னை அண்ணாந்து பார்த்தார். அதே நேரம் பக்கத்துப் படியிலிருந்து மாமியின் குரல் மலை முழுக்கக் கேட்டது.

"தம்பி! அது முழங்காலிலை ஏறுற படி!"

இரு பக்கமும் ஏறிக்கொண்டிருந்த சனம் நின்று பார்த்தது. இறங்கி நடந்தாலும் அவமரியாதை, ஏறி நடந்தாலும் அவமரியாதை. மனிதனுக்கு மூன்றாவதாக ஒரு வழிதான் இருந்தது. முழங்காலில் விழுந்தேன். விழுந்த பிறகு நடுவில் எழும்பினால் அதைவிட மோசம். ஆகவே ஏறினேன். ஒவ்வொரு படியும் இரண்டு படியாக நீண்டது. அந்தக் கிழவி செபமும் சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று குனிந்து கும்பிட்டும் என்னை முந்திக்கொண்டு போனார். போகும்போது என் தோளில் தட்டி, பிரெஞ்சில் ஏதோ ஆறுதல் சொன்னார். மொன்றியலில் எனக்குக் கிடைத்த முதல் பிரெஞ்சு அதுதான். புரியவில்லை.

கடைசிப் படிக்குக் கொஞ்சம் முன்னால், மேலேயிருந்து ஒரு குரல். "அத்தான்!"

மனுசியின் சித்தி மகன். மொன்றியல் தமிழர் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முதலில் காட்டுகிற இடம் இந்தக் கோயில். அவரும் விருந்தாளிகளைத்தான் கொண்டுவந்திருந்தார். அவர்களும் ரொறன்ரோக்காரர்கள்தான், ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர்கள். முறையாகச் சொல்லிப்போட்டு வந்தவர்கள்.

அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம். வந்திருக்கிறோம், சொல்லவில்லை. ஆனால் மறு கணம் என் முழங்காலைப் பார்த்தார். வேர்வையைப் பார்த்தார். பின்னால் 99 படியையும் பார்த்தார். கோபம் கண்ணீராக மாறியது. பக்கத்தில் வந்து குந்தி, தாழ்ந்த குரலில், "அத்தான், என்ன வருத்தம்? அக்காக்குத் தெரியுமோ?" என்றார்.

எனக்கு இரண்டு பதில் இருந்தன. 'உங்களுக்கு ஒளித்து வந்தோம், படி மாறி ஏறிவிட்டேன்' என்பது ஒன்று. பேசாமல் இருப்பது மற்றது. பேசாமல் இருந்தேன். வைத்தியர் கைவிட்டுவிட்டார் என்று அவர் விளங்கிக்கொண்டார்.

விருந்தாளி அம்மா அதற்குள் படமெடுத்துவிட்டார். நான் மேலே போய்க் காலை நிமிர்த்துவதற்குள் படம் வாட்ஸப்பில் ஸ்காபரோவைத் தாண்டிவிட்டது. முதலில் வந்த அழைப்பு முழங்கால் வாதத்துக்கு நொச்சியிலை சொன்னது. அடுத்தது சிறுநீரகம். லண்டனிலிருந்து என் தமக்கை அழைத்தபோது எனக்கு இதயத்தில் அடைப்பு இருந்தது. பாரிசிலிருந்து ஒரு பள்ளிக்கூடச் சிநேகிதன், வாங்கின காசைத் திருப்பித் தரப்போகிறேன் என்று தானாகவே சொன்னான். நோய் எவ்வளவு முற்றிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஊரில் பெரியம்மா நல்லூரில் என் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டார். இனிச் சுகமாக இருக்கிறேன் என்று சொன்னால் கந்தன்தான் கோபிப்பான்.

மச்சான் நேரே பிளாட்டோவுக்கு வந்து, வளைவுப் படியால் பெட்டி, ரைஸ் குக்கர், என்னை எல்லாம் கைத்தாங்கலாக இறக்கி, டொலார் டெசோர்மோவில் முருகன் கோயிலுக்குக் கிட்ட உள்ள தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். காசு கட்டிய மேல்தட்டு அன்றிரவு சும்மா கிடந்தது. அந்த வீட்டில் ஆட்டிறைச்சி, நண்டுக் குழம்பு, இறால் பொரியல் எல்லாம் மேசைக்கு வந்தன. எனக்கு மட்டும் கஞ்சி. "அத்தானுக்கு உறைப்புக் காட்டக்கூடாது" என்றார் மச்சானின் மனைவி. நான் மனுசியைப் பார்த்தேன். ஒரு சொல் சொன்னால் என் நோய் தீரும். அவள் நண்டுக்கால் ஒன்றை உறிஞ்சிக்கொண்டு, "ஓம், அவருக்குக் கஞ்சிதான் நல்லது" என்றாள்.

மச்சானின் மகனுக்குப் பத்து வயது. 1977இல் வந்த மொழிச் சட்டத்தின்படி குடிவரவாளரின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்க வேண்டும். ஆகவே அங்கத்தைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று மூன்றும் தண்ணீர்பட்ட பாடு. சின்னப் பிள்ளையிடமாவது பேசிப் பார்ப்போம் என்று குதிரையை எடுத்துவிட்டேன். அவன் மரியாதையாகக் கடைசிவரை கேட்டான். பிறகு, "மாமா, நீங்கள் வருத்தக்காரர், தமிழிலையே கதையுங்கோ" என்றான்.

திங்கட்கிழமை காலை அவன்தான் எனக்கு வரலாறும் சொல்லித் தந்தான். ஒன்ராறியோவில் விக்டோரியா ராணியின் பேரில் லீவு விடுகிற அதே திங்கள், கியூபெக்கில் 2003 முதல் தேசபக்தர்கள் நாள். 1837இலும் 1838இலும் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பியவர்களின் நினைவு. அப்போது சிம்மாசனத்தில் இருந்தவர் சாட்சாத் அதே விக்டோரியா. ராணிக்கும் லீவு, ராணியை எதிர்த்தவனுக்கும் லீவு. இவ்வளவு பெரிய சண்டையை ஒரே நாளில் சமாளித்த நாட்டில், எனக்கு ஒரு நண்டுக்கால் கிடைக்கவில்லை.

வெளிக்கிடுகிற நேரத்தில் உண்மை வெளியே வந்தது. மாமிக்கு, மச்சானின் தாயான தன் தங்கச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய்யோடு காரில் ஏற முடியவில்லை. கட்டிப்பிடித்து அழுதபடி, "அவருக்கு ஒண்டுமில்லையடி, படி மாறி ஏறினவர்" என்று சொல்லிவிட்டார். வாசலில் ஒரு மௌனம். மச்சான் என் காரின் கண்ணாடிக்குள் கிடந்த பார்க்கிங் துண்டை எடுத்து, தேதியைப் பார்த்தார். சனிக்கிழமை. அவர் ஒன்றும் ஏசவில்லை. ஏசுகிறவரைச் சமாளிக்கலாம்.

"அத்தான்," என்றார், "ஜூலை 1 உங்களுக்கு லீவுதானே?"

கியூபெக்கில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் 30ஆம் தேதியோடு முடியும். 1970களில் வந்த ஏற்பாடு. அதனால் நாடு முழுவதும் கனடா தினம் கொண்டாடும்போது, மொன்றியலில் பாதிச் சனம் கட்டிலும் மெத்தையும் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கும். மச்சானின் மனைவியின் அண்ணன் அன்று பார்க் எக்ஸ்டென்ஷனில் வீடு மாறுகிறார். மேல்தட்டு. வெளிப்படிக்கட்டு. இரும்பு, வளைவு.

"99 படி முழங்காலிலை ஏறின மனுசன்," என்றார் மச்சான், "இதென்ன, நடந்து இறங்குற படிதானே."

நான் வாயைத் திறக்குமுன் மனுசி, "வருவார்" என்றாள். அதோடு நிற்காமல், கட்டினவனுக்காக ஒரு வார்த்தை பரிந்தும் பேசினாள். "ஆனா அண்டைக்கு இவருக்குக் கஞ்சி வேண்டாம். நண்டு வையுங்கோ."

மச்சான் கொஞ்சம் யோசித்தார்.

"ஃபிரிட்ஜ் உடையாமல் இறங்கினால் பாப்பம்" என்றார்.